வாசகர் கேள்வி-பதில்: கட்டுவதற்குப் பணம் உண்டு, நடத்துவதற்கு?

சிறு நகரம் ஒன்றின் பண்பாட்டு மையத்தை மக்கள் வரிப்பணத்தில் கட்டுவதும் நடத்துவதும் சரிதானா என்பதைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டவற்றை இணைத்திருக்கிறோம்; கேட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் நாடகம் பார்ப்பதில்லை; இசை நிகழ்ச்சிகளுக்கும் போவதில்லை. சிலருடைய பொழுதுபோக்குக்காக என் வரிப்பணத்தில் ஏன் ஓர் அரங்கம் நடக்க வேண்டும்?

பதில்: இப்படிக் கேட்பவரைக் கலையின் அருமை தெரியாதவர் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் கலை ஆர்வலர்கள் சிலரிடம் உண்டு. அது சரியன்று. பொதுப்பணம் செலவாகும் எந்த இடத்திலும் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுதான். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியுவும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு வருவோரைப் பற்றி 1966-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருவோரில் மிகப் பெரும்பாலோர் நெடுங்காலம் கல்வி பயின்றவர்கள் என்பதையும், நுழைவுக் கட்டணத்தைவிடக் கல்வி இல்லாமையே மக்களை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதையும் அது எடுத்துக்காட்டியது. எல்லோரிடமிருந்தும் வரி வாங்கி, ஏற்கெனவே வசதியும் வாய்ப்பும் உள்ளவர்களின் மாலை நேரத்துக்காக மட்டும் செலவிடும் மையம் என்றால், உங்கள் எதிர்ப்பு முழுக்க நியாயமானது.

ஆனால், ‘நான் போவதில்லை’ என்பதும் ‘எனக்கு அதனால் பயனில்லை’ என்பதும் ஒன்றல்ல. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரிலுள்ள அரச நாடக அரங்கைப் பற்றி 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த அரங்குக்காக எவ்வளவு வரி செலுத்தச் சம்மதிப்பீர்கள் என்று நாடு முழுவதும் மக்களிடம் கேட்கப்பட்டது. அந்த அரங்குக்குப் போகாதவர்களிலும் பலர் ஒரு தொகையைத் தரச் சம்மதித்தார்கள். மக்கள் தருவதாகச் சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தபோது, அரசு தந்துவந்த மானியத்துக்கு அது குறையவில்லை. என்றேனும் போகலாம் என்ற எண்ணம், தம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்ற எதிர்பார்ப்பு, இப்படியொன்று இருப்பதே பெருமை என்ற உணர்வு ஆகியவை அந்தச் சம்மதத்தின் பின்னால் இருக்கக்கூடும். தருகிறேன் என்று கணக்கெடுப்பாளரிடம் சொல்வதற்கும் உண்மையில் எடுத்துத் தருவதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரிந்ததுதான். அதோடு, ஒரு நாட்டின் தலைநகர அரங்கை வைத்துச் சிறு நகரத்தின் மையத்தை அளக்கவும் முடியாது. ஆகவே, இந்த ஆய்வு உங்கள் கேள்விக்கு ஓரளவே பதில் சொல்கிறது.

சிறு நகரத்துக்கே உரிய வாதம் வேறு. பெருநகரில் ஓர் அரங்கு மூடப்பட்டால் இன்னோர் அரங்கு இருக்கும். சிறு நகரில், இசை கற்கும் மாணவருக்கு ஒத்திகை அறையும், பகுதிநேர நாடகக் குழுவுக்கு மேடையும், ஓவியம் வரைபவருக்குக் காட்சிச் சுவரும், முதியோர் கூடிப் பேச ஓரிடமும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில்தான் கிடைக்கின்றன. அது மூடப்பட்டால் இவற்றுக்கு மாற்று இல்லை. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்து வரியுடன் சேர்த்து நூலக வரி வாங்க வழிசெய்தது. நூலகத்தில் அடியெடுத்து வைக்காதவரும் அதைச் செலுத்துகிறார். நூலகத்தைப் போல எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும் மையத்துக்கே அந்த நியாயம் பொருந்தும். ஆண்டில் சில விழாக்களுக்கு மட்டும் பூட்டு திறக்கப்படும் மண்டபத்துக்குப் பொருந்தாது.

கேள்வி: நிகழ்ச்சி தரமாக இருந்தால் கூட்டம் வரும். நுழைவுச்சீட்டு வருமானத்திலேயே மையத்தை நடத்த முடியாதா?

பதில்: பெரும்பாலும் முடியாது. நிர்வாகத் திறமைக் குறைவுதான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது ஒரு பகுதியாக இருக்கலாம். ஆனால் அடிப்படைக் காரணம் அதுவன்று. அமெரிக்கப் பொருளியலாளர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் நிகழ்கலைகளின் வரவு செலவை ஆராய்ந்து 1966-இல் சொன்ன விளக்கம் இன்றும் செல்லுபடியாகிறது. தொழிற்சாலையில் இயந்திரம் மேம்படும்போது ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலை பெருகுகிறது. அதற்கேற்பக் கூலியும் உயர்கிறது. நால்வர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நால்வர்தான், அதே நேரம் எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். கலைஞரின் உழைப்பில் மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. ஆனால் மற்றத் தொழில்களில் கூலி உயர உயர, அவருடைய ஊதியமும் உயர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். எனவே செலவு வருமானத்தைவிட வேகமாக ஏறுகிறது. கட்டணத்தை ஏற்றி இந்த இடைவெளியை அடைத்தால், வசதியுள்ளவர்களுக்கு மட்டுமான மையம் என்ற, மேலே சொன்ன கவலை இன்னும் கூர்மையாகத் திரும்பி வருகிறது.

சிறு நகரத்தில் இதோடு இன்னொரு சுமையும் சேர்கிறது. மேடை, ஒலி அமைப்பு, விளக்குகள், தீயணைப்புச் சாதனங்கள், மின்பணியாளர், காவலர் ஆகியவற்றுக்கான செலவு, பார்க்க வருபவர் 100 பேரானாலும் 1,000 பேரானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். 30 லட்சம் பேர் வாழும் நகரில் ஒரு நாடகத்தைப் பல வாரங்கள் நடத்தி அந்தச் செலவைப் பகிர்ந்துவிடலாம். 30,000 பேர் வாழும் ஊரில் ஓரிரு நாளில் பார்க்கக்கூடியவர்கள் எல்லோரும் பார்த்து முடித்துவிடுவார்கள்.

கேள்வி: நான் நகர்மன்ற உறுப்பினர். பண்பாட்டு மையம் கட்ட மேலரசிடமிருந்து ஒருமுறை நிதி வரவிருக்கிறது. கட்டடத்துக்கு மட்டுமே அதைச் செலவிட வேண்டும். விரைவில் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு நகரத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி இது. ஒருமுறை நிதி இலவசமாக வருவது போலத் தோன்றும். உண்மையில் அதை ஏற்கும் நாளிலேயே உங்கள் நகராட்சி முடிவில்லாத ஒரு செலவுக்கும் கையெழுத்திடுகிறது. பொதுக் கட்டடங்களைப் பற்றி அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1990-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் தொகையில் 2 முதல் 4 விழுக்காட்டை ஒவ்வோர் ஆண்டும் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்த அளவின் நடுவே 3 விழுக்காடு என்று கொண்டால், ஏறக்குறைய 33 ஆண்டுகளில் இன்னொரு கட்டடத்தின் விலையைப் பராமரிப்பே விழுங்கிவிடும். சம்பளம், மின்சாரம், காப்பீடு, நிகழ்ச்சிகள் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. அரங்குகளில் ஒலி, ஒளிக் கருவிகள் கட்டடத்தைவிட விரைவாகப் பழையவையாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கைக்கு எடுத்துக்காட்டுகள் நிறைய உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஏறக்குறைய 1.5 கோடி பவுண்டு செலவில், பெரும்பகுதி தேசிய லாட்டரி நிதியைக் கொண்டு, வெகுசன இசைக்கான தேசிய மையம் ஒன்று 1999-இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று திட்டத்தில் கணக்கிட்டிருந்தார்கள். வந்தவர்கள் அதில் ஒரு பகுதியே. மறு ஆண்டே மையம் மூடப்பட்டது, கட்டடம் பின்னர்ப் பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்குப் போனது. வெஸ்ட் பிராம்விச் என்னும் ஊரில் 7 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டு 2008-இல் திறக்கப்பட்ட கலை மையம், ஆண்டு மானியத்தைத் தொடர முடியாத நிலையில் 2013-இல் மூடப்பட்டு, கல்லூரியாக மாற்றப்பட்டது. இரண்டிலும் கட்டுவதற்குப் பணம் கிடைத்தது. பெரிய ஊர்களுக்கே இந்த நிலை என்றால், சிறிய வருவாய் உள்ள நகராட்சி எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, என் பரிந்துரை இது. கட்டட வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் பத்து ஆண்டுகளின் நடைமுறைச் செலவுக் கணக்கைக் கேளுங்கள். அதில் வருமானப் பகுதியை, திட்டம் தயாரித்தவர்கள் சொல்வதில் பாதியாகக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். எஞ்சும் பற்றாக்குறையை எந்தத் தலைப்பிலிருந்து நகராட்சி தரப்போகிறது என்பதைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றச் சொல்லுங்கள். அந்தத் தீர்மானத்தில் கையெழுத்திட மன்றம் தயங்கினால், நிதி வேறு நகரத்துக்குப் போகட்டும். நிபந்தனையைத் தளர்த்த இடமிருந்தால், புதிய கட்டடத்துக்குப் பதிலாக, பயன்படாமல் கிடக்கும் பழைய பள்ளிக் கட்டடத்தையோ சந்தைக் கூடத்தையோ சீரமைக்க முயலுங்கள். அதற்கும் பராமரிப்புச் செலவு உண்டு. ஆனால் ஊரின் அளவுக்குப் பொருந்தாத பேரரங்கு தலையில் விழாது. 800 இருக்கைகளைவிட 200 இருக்கைகளும் நான்கு ஒத்திகை அறைகளும் சிறு நகரத்துக்கு அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. திறப்பு விழாவில் ஒத்திகை அறையைப் படம் எடுக்க யாரும் விரும்புவதில்லை என்பதால்தான் அது திட்டத்திலிருந்து முதலில் வெட்டப்படுகிறது.

கேள்வி: அப்படியானால் கட்டடமே வேண்டாம், கலைஞர்களுக்கும் குழுக்களுக்கும் நேரடியாகப் பணம் தந்துவிடலாமே?

பதில்: தரலாம், தந்தும் இருக்கிறார்கள். பிரேசிலில் இசைக்கலைஞர் ஜில்பெர்த்து ஜில் பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது, 2004-இல் ‘உயிர்ப் பண்பாடு’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. புதிய மையங்களைக் கட்டாமல், ஏற்கெனவே இயங்கிவந்த குழுக்களையும் சங்கங்களையும் தேர்ந்தெடுத்து ‘பண்பாட்டுப் புள்ளிகள்’ என்று அடையாளப்படுத்தி, அவற்றின் பணிக்கே பணம் தந்தார்கள். பின்னர் 2014-இல் அது தனிச் சட்டமாகவும் ஆனது. ஏற்கெனவே உயிரோடு இருப்பவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் இந்த அணுகுமுறை எனக்குப் பிடித்தமானது. இதன் கடினப் பகுதி கணக்கு வழக்கு: பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் குழுவிடம், பெரிய நிறுவனத்திடம் கேட்கும் அதே பற்றுச்சீட்டுகளையும் படிவங்களையும் அரசு கேட்கும்போது, அந்தக் குழு கலையை விட்டுவிட்டுக் கணக்கெழுத உட்கார வேண்டியிருக்கிறது. உங்கள் நகரில் இத்தகைய குழுக்கள் இருந்து, அவை கூட ஓர் எளிய கூடமும் இருந்தால், முதல் ஐந்தாண்டுகளுக்கு இது போதும். குழுக்களே இல்லாத ஊரில் பணம் யாரிடம் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கேள்வி: மையத்துக்கு முதலீடு செய்யும் பணம் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் பல மடங்காகத் திரும்பும் என்று ஆலோசகர்கள் அறிக்கை தந்திருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: 1997-இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகம் அந்நகரின் பொருளாதாரத்தையே தூக்கி நிறுத்தியது என்ற பேச்சுக்குப் பிறகு இத்தகைய அறிக்கைகள் உலகெங்கும் எழுதப்படுகின்றன. பில்பாவோவில் அதே காலத்தில் மெட்ரோ ரயில் வந்தது, ஆற்றங்கரை சீரமைக்கப்பட்டது, விமான நிலையம் விரிவடைந்தது. அறிக்கைகள் இவற்றை அடக்கிவாசிக்கும். சிறு நகரத்தில் பார்வையாளர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். நுழைவுச்சீட்டுக்குச் செலவிட்டதை அவர் வேறொரு கடையில் செலவிடவில்லை, அவ்வளவே. வெளியூரிலிருந்து வந்து செலவிடுபவரின் பணத்தை மட்டும் எண்ணச் சொல்லுங்கள், மடங்குகள் சுருங்கிவிடும். மேலும், பொருளாதார லாபம்தான் காரணம் என்று சொல்லி மையத்தைக் கட்டினால், லாபம் வராத நாளில் அதே காரணத்துக்காக அதை மூட வேண்டிவரும்.

கேள்வி: பணம் தருவது நகராட்சி. ஆகவே எந்த நிகழ்ச்சி நடக்க வேண்டும், யார் மேடையேற வேண்டும் என்பதை நகர்மன்றத் தலைவரே முடிவு செய்கிறார். இதைத் தவிர்க்க முடியுமா?

பதில்: முழுக்கத் தவிர்ப்பது அரிது, குறைக்க வழிகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் 1946-இல் அரச சாசனத்தின்படி கலை மன்றம் அமைந்தது. அதற்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். சாசனம் வருவதற்குச் சில மாதங்கள் முன் அவர் மறைந்துவிட்டார். மொத்தத் தொகையை நாடாளுமன்றம் தீர்மானிக்கும், அதை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதை அமைச்சர் அல்லாத ஒரு மன்றம் தீர்மானிக்கும் என்பதே அந்த ஏற்பாட்டின் உள்ளடக்கம். பிரான்சில் அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ 1961 முதல் திறந்த பண்பாட்டு இல்லங்களுக்கு அரசும் நகராட்சியும் பாதிப் பாதி செலவிட்டன. அங்கே இரு தரப்பும் பணம் தந்ததால் எந்த ஒரு தரப்பும் முழு அதிகாரம் செலுத்த முடியாது என்று நம்பினார்கள். நடைமுறையில், 1960-களின் இறுதியில் பல ஊர்களில் நகராட்சிக்கும் இல்லத்தின் இயக்குநருக்கும் இடையே, மேடையேறியவை குறித்துக் கடும் மோதல்கள் ஏற்பட்டன.

பணம் தருபவருக்கும் நிகழ்ச்சியை முடிவு செய்பவருக்கும் இடையிலான இந்த இடைவெளியைச் சிறு நகரில் காப்பது இன்னும் கடினம். பணம் தருபவர், நிகழ்ச்சி நடத்துபவர், குறைசொல்லி எழுதுபவர் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், சிலவேளைகளில் உறவினர்கள். அதனால் எழுத்தில் இருப்பவை மட்டுமே காக்கும். தனிச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவுபெற்ற நிர்வாகக் குழு, அதில் நகர்மன்றத்துக்குப் பாதிக்கும் குறைவான இடங்கள், உறுப்பினர்களுக்கு நிலையான பதவிக்காலம், மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ளும் மானிய ஒப்பந்தம் ஆகியவை இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் காலம் நகர்மன்றத் தேர்தலோடு முடியாதபடி பார்த்துக்கொள்வது மிக முக்கியம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய மானியம் ஆண்டுதோறும் தலைவரின் வீட்டு வாசலில் நிற்க வைக்கும். அதே வேளையில், நகர்மன்றத்திடமிருந்து விடுபட்ட குழு தன் நண்பர்களுக்கே மேடை தரும் வட்டமாகச் சுருங்கிவிட்டதையும் பல இடங்களில் காண்கிறோம். மேடை கேட்டு விண்ணப்பித்தவர் யார், மறுக்கப்பட்டவர் யார், ஏன் என்பதை ஆண்டறிக்கையில் வெளியிடச் சொல்வதுதான் அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து.

கேள்வி: எங்கள் மையத்துக்குச் சுற்றியுள்ள கிராமத்தவரும் வருகிறார்கள். செலவை எங்கள் நகரம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

பதில்: சுமக்க வேண்டியதில்லை. இதற்குத் தெளிவான சட்ட ஏற்பாடு ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் உள்ளது. அங்கே 1994-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஊரக மாவட்டங்களைப் பண்பாட்டு மண்டலங்களாக இணைத்தது. மாநில அரசும் மாவட்டங்களும் பொதுநிதிக்குப் பணம் தருகின்றன. மையம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் கூடுதலாகத் தன் பங்கைச் செலுத்துகிறது. காலவரையறையுடன் தொடங்கிய அந்தச் சட்டம் 2008-இல் நிலையானதாக்கப்பட்டது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்தில், அண்டை உள்ளாட்சிகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பணம் தருபவர்களுக்கு நிர்வாகக் குழுவில் இடமும், மையத்தின் நிகழ்ச்சிகளில் சில அவர்களுடைய ஊர்களிலேயே நடக்கும் என்ற உறுதியும் தர வேண்டும். வெளியூராருக்குக் கூடுதல் கட்டணம் வைக்கும் யோசனையை மட்டும் கைவிடுங்கள். வாசலில் முகவரிச் சான்று கேட்கும் மையத்துக்கு உள்ளூராரும் வருவதைக் குறைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஊர்ச் செல்வந்தர் ஒருவர் மையத்துக்குத் தன் குடும்பப் பெயரை வைத்தால் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொல்கிறார். வரிப்பணமே வேண்டாமே?

பதில்: பெயரை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அவர் தருவது கட்டடத்துக்கா, வட்டியில் மையம் நடக்கக்கூடிய வைப்புநிதிக்கா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 1965-இல் நிறுவப்பட்ட தேசியக் கலைநிதி அமைப்பு, தன் மானியத்துக்கு இணையான தொகையை வேறிடங்களில் திரட்ட வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை விதிக்கிறது. பொதுப்பணமும் தனியார் பணமும் ஒன்றையொன்று இழுத்துவருமாறு செய்வது நல்லது. ஒருவரின் விருப்பத்தை மட்டும் நம்பியிருப்பது நகர்மன்றத் தலைவரின் விருப்பத்தை நம்பியிருப்பதைவிட மேலானதல்ல.

கேள்வி: மக்களிடமே வாக்கெடுப்பு நடத்திவிடலாமா?

பதில்: பெரிய, ஒருமுறைச் செலவுக்கு அது பொருந்தும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், அருங்காட்சியகத்தில் இரவலாக வைக்கப்பட்டிருந்த பிக்காசோவின் இரு ஓவியங்கள் விற்பனைக்கு வரவிருந்தபோது, 84 லட்சம் பிராங்க் தேவைப்பட்டது. அதில் 60 லட்சத்தை அரசு தருவதற்கு எதிராகச் சிலர் வாக்கெடுப்பைக் கோரினார்கள். மிச்சத் தொகையை மக்கள் தெருவிழா நடத்தித் திரட்டினார்கள். 1967 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் ஆதரித்தனர். நெகிழ்ந்துபோன பிக்காசோ மேலும் நான்கு படைப்புகளை அந்நகருக்குத் தந்தார். முடிவைவிட, வாக்கெடுப்புக்கு முந்தைய மாதங்களில் ஊர் முழுவதும் ஓவியத்தைப் பற்றிப் பேசியதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் மின்கட்டணத்துக்கும் பணியாளர் சம்பளத்துக்கும் ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடத்த முடியாது. நடத்தினால், எந்த மையமும் மூன்றாம் ஆண்டைத் தாண்டாது.

கேள்வி: மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஐந்தாம் ஆண்டில் நிறுத்திவிடும் நிபந்தனையோடு தரலாமா?

பதில்: புதிதாக ஒரு விழாவையோ பயிற்சித் திட்டத்தையோ சோதித்துப் பார்க்க இது நல்ல முறை. மையத்தின் அடிப்படைச் செலவுக்கு இந்த நிபந்தனையை விதிப்பவர், இரண்டாம் கேள்விக்குத் தந்த கணக்கை ஏற்காதவர் என்றே பொருள். செலவு ஏறிக்கொண்டே போகும், மானியம் இறங்கிக்கொண்டே போகும். நிர்வாகி அறைகளைத் திருமணங்களுக்கும் வணிகக் கூட்டங்களுக்கும் வாடகைக்கு விடத் தொடங்குவார், ஒத்திகைக்கு வந்தவர்கள் தேதி கிடைக்காமல் திரும்பிப் போவார்கள். அடிப்படைச் செலவுக்கான தொகையை விலைவாசியோடு இணைத்து நிலையாகத் தாருங்கள். புதிய நிகழ்ச்சிகளுக்கான தொகையை வேறாகப் பிரித்து, அதற்கு மட்டும் காலவரையறை வையுங்கள். கணக்குத் தணிக்கை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.